சந்து வழக்கில் மூன்றாவது ஆள்

அவரை எல்லோரும் ஐஸ்காரர் என்றுதான் சொல்வார்கள். அவர் வாழ்நாளில் ஐஸ் விற்றதில்லை; யாருக்கும் ஐஸ் வைத்ததும் இல்லை. பழுதான ஃபிரிட்ஜுகளைச் சரிசெய்வது அவர் தொழில். கம்ப்ரஸரில் காதை வைத்துக் கேட்டே கோளாறு எங்கே என்று சொல்லிவிடுவார். சரிசெய்ய முடியாது என்று தெரிந்தால், "இது போயிடுச்சுங்க. இனிமே துணி அடுக்கி வைக்கத்தான் ஆகும்" என்று வீட்டுக்காரர் முகத்தைப் பார்த்தே சொல்வார். இனிக்க இனிக்கப் பேசத் தெரியாது. மனசில் ஒன்று தைத்துவிட்டால் அதைப் பற்றி வாயே திறக்க மாட்டார். இந்த இரண்டாவது குணம்தான் அவரைக் கோர்ட்டு வரைக்கும் கொண்டுவந்தது.

நான் ஒரு வக்கீலிடம் குமாஸ்தாவாக இருக்கிறேன். மனு எழுதுவது, நகல் எடுப்பது, வாய்தா தேதி குறிப்பது, காத்திருக்கும் கட்சிக்காரர்களைச் சமாதானப்படுத்துவது எல்லாம் என் வேலை. ஐஸ்காரருடைய ஏழு வருடம் எங்கள் அலுவலகத்தில் ஒரு கட்டுக்குள் கிடந்தது. அந்தக் கட்டில் முக்கால்வாசி என் கையெழுத்து. வேறு யாராவது இந்தக் கதையைச் சொன்னால் என் பங்கை விட்டுவிடுவார்கள். அதனால் நானே சொல்லிவிடுகிறேன்.

அவர் வீட்டு முன்வாசல் பின்தெருவில் இருந்தது. அதற்கு ஏறும் படிக்கட்டு செங்குத்தானது, நடுவில் ஒரு திருப்பம் வேறு. ஆள் போகலாம், ஃபிரிட்ஜ் போகாது. பட்டறை வீட்டுக்குப் பின்னால். அதன் தகரக் கதவு ஒரு சந்தில் திறக்கும். ஏழடி அகலமுள்ள அந்தச் சந்து இரண்டு கட்டடங்களுக்கு நடுவே நேராக ஓடிப் பெரிய தெருவில் சேரும். மூன்று சக்கரம் வைத்த ஒரு தள்ளுவண்டியில் ஃபிரிட்ஜை நிற்க வைத்துக் கட்டி, பதினெட்டு வருடமாக அந்தச் சந்து வழியாகத்தான் தள்ளிப் போய்க்கொண்டும் வந்துகொண்டும் இருந்தார்.

சந்தின் இடது பக்கம் கணக்கு டீச்சர் வீடு. டீச்சர் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. வேலையிலிருந்து ஓய்வு பெற்றுத் தனியாக இருந்தார். வலது பக்கம் ஒரு அச்சகம். அதன் முதலாளி சத்தம் போட்டுப் பேசுவார். இயந்திரங்களுக்கு மேலே பேசிப் பேசி வந்த தொண்டை அது. மூன்று பேருக்கும் நல்ல பழக்கம். ஐஸ்காரரின் ரசீதுப் புத்தகங்கள் அந்த அச்சகத்தில்தான் அடித்தவை. அவருடைய ஒரே மகள் பள்ளிக்கூடம் விட்டதும் நேராக டீச்சர் வீட்டுச் சாப்பாட்டு மேஜைக்குப் போய்விடுவாள். டீச்சர் அவளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்தார். யாரும் கேட்டுச் சொல்லிக் கொடுக்கவில்லை. ஒருநாள் சந்துச் சுவரில் அவள் கரிக்கட்டியால் போட்ட கணக்கு ஒன்று தப்பாக இருந்ததைப் பார்த்துவிட்டு, "உள்ள வா" என்று கூப்பிட்டு உட்கார வைத்தாராம். அப்படி ஆரம்பித்தது.

பிறகு அச்சகக்காரர் காகித மூட்டைகள் வைக்கச் சந்தை ஒட்டி ஒரு கொட்டகை போட்டார். மழை பெய்தால் அதன் தகரக் கூரைத் தண்ணீர் முழுக்க டீச்சரின் சமையலறைச் சுவரில் விழுந்தது. சுவர் ஊறிப் பூசணம் பூத்தது. டீச்சர் சொல்லிப் பார்த்தார். அச்சகக்காரர், "சந்து என்னோடது டீச்சர், பத்திரத்துல இருக்கு" என்றார். டீச்சர் தன் பத்திரத்தை எடுத்துப் பார்த்தால் அதிலும் சந்து தன்னுடையது என்றே இருந்தது. பழைய காலத்தில் எழுதியவர்கள் ஒரே சந்தை இரண்டு பேருக்கும் எழுதி வைத்துவிட்டுப் போய்விட்டார்கள். டீச்சர் வழக்குப் போட்டார். அவர் வாதி, அச்சகக்காரர் பிரதிவாதி. இரண்டு வருடம் இரண்டு பேரும் முகம் பார்க்கவில்லை. நடுவிலே ஐஸ்காரர் வண்டி மட்டும் எப்போதும்போலப் போய் வந்துகொண்டிருந்தது. அவரை யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

ஒரு காலையில் சந்து முகப்பில் ஒரு வெல்டர் குந்தி உட்கார்ந்து டேப்பை இழுத்து அளந்துகொண்டிருந்தார். ஐஸ்காரருக்குத் தெரிந்தவர்தான்.

"என்னப்பா அளக்கறே?"

"கேட்டு போடறாங்கண்ணே. பூட்டோட. கண்டவனும் வண்டிய நிறுத்தறான், குப்பையக் கொட்டறான்னு சொன்னாங்க."

"யார் சொன்னா?"

"ரெண்டு பேரும்தான். டீச்சரும் பிரஸ்காரரும். சமாதானம் ஆயிட்டாங்க போலிருக்கே, உங்களுக்குத் தெரியாதா?"

அவருக்குத் தெரியாது. வண்டியில் இருந்த ஃபிரிட்ஜோடு அப்படியே நின்றுவிட்டார். வீட்டுக்குப் போய் மனைவியிடம் சொன்னார். அந்த அம்மா ஃபிரிட்ஜ் கதவுக்கு ரப்பர் வெட்டிக்கொண்டிருந்தார். பட்டறையில் பாதி வேலை அவர் கைதான்.

"போய் ஒரு வார்த்தை கேளுங்களேன். நமக்கும் ஒரு சாவி குடுங்கன்னு. இதுல என்ன இருக்கு?"

"அவங்க என்கிட்ட ஒரு வார்த்தை சொன்னாங்களா?"

"சொல்லாட்டி என்ன? நாம கேட்டா வாய் தேஞ்சா போயிடும்?"

மறுநாள் காலையில் மனசைத் தேற்றிக்கொண்டு போனார். டீச்சர் வீட்டுக் கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே டீச்சரும் அச்சகக்காரரும் எதிரும் புதிருமாக உட்கார்ந்திருந்தார்கள். மேஜையில் காகிதங்கள், இரண்டு கோப்பை தேநீர். இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருந்தார்கள். இரண்டு வருடம் பேசாதவர்கள் தன் வழியை அடைத்துவிட்டுச் சிரிக்கிறார்கள் என்று அவருக்குப் பட்டது. மணியை அழுத்தத் தூக்கிய கையை இறக்கிக்கொண்டு திரும்பிவிட்டார். அங்கிருந்து நேராக எங்கள் அலுவலகத்துக்கு வந்தார்.

எங்கள் அலுவலகம் ஒரு கண்ணாடிக் கடைக்கு மாடியில். வக்கீல் கெட்டிக்காரர். அன்றைக்கு அவருக்கு நீதிமன்றத்தில் வேறு வேலை இருந்ததால் கோட்டை மாட்டிக்கொண்டே கேட்டார். கேட்டு முடித்ததும் சொன்னார்: "உங்களை விட்டுட்டு அவங்க ரெண்டு பேரும் ராஜி எழுதிக் கோர்ட்டுல தீர்ப்பா வாங்கிட்டா, அப்புறம் நீங்க தனியா ஒரு வழக்குப் போட்டு அலையணும். இப்பவே உள்ள போயிடுங்க."

"உள்ள போறதுன்னா?"

அதை விளக்குவது என் வேலை. அவரை என் மேஜைக்கு எதிரே உட்கார வைத்தேன். ஒரு வழக்கில் வழக்குப் போட்டவர் ஒருவர், எதிர்ப்பவர் ஒருவர். மற்றவர்கள் எல்லாம் வெளியாட்கள். ஆனால் வரப்போகும் தீர்ப்பு ஒரு வெளியாளின் உரிமையிலும் கை வைக்கும் என்றால், 'என்னையும் ஒரு தரப்பாகச் சேர்த்துக்கொள்ளுங்கள்' என்று அவர் மனுப் போடலாம். சில வழக்குகளில் கட்சிக்காரரே வெளியாளை இழுத்து வருவார். சிலவற்றில், 'இவர் இல்லாமல் இதை முடிக்க முடியாது' என்று நீதிபதியே கூப்பிட்டு அனுப்புவார். தானாக நடந்து வருகிறவர்களும் உண்டு. "நீங்க அந்த மாதிரி, அண்ணே" என்றேன்.

"சரி தம்பி, எழுதுங்க" என்றார்.

அப்போது ஒரு கேள்வி என் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. 'அவங்ககிட்ட ஒரு தடவை பேசிப் பார்த்தீங்களா?' என்று. வக்கீல் வாசலில் நின்று, "சாயங்காலத்துக்குள்ள டைப் ஆயிடணும்" என்று அவசரப்படுத்தினார். நான் கேட்கவில்லை. குமாஸ்தா கேட்கிற கேள்வி இல்லை அது என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன்.

இன்னொன்றும் செய்தேன். அதே மாதிரியான ஒரு பாதை வழக்கின் பழைய மனு அலமாரியில் இருந்தது. அதிலிருந்து இரண்டு பத்திகளை எடுத்து இதில் சேர்த்தேன். மனு கனமாக இருக்க வேண்டும் என்பதற்காக. அதில் ஒரு வரி: "முதல் பிரதிவாதி பொதுப்பாதையை ஆக்கிரமித்துச் சட்டவிரோதமாகக் கட்டியுள்ள கொட்டகை இடித்து அகற்றப்பட வேண்டும்." ஐஸ்காரர் கொட்டகையைப் பற்றி ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. அவருக்கு வேண்டியதெல்லாம் வண்டி போக வழி. நான் படித்துக் காட்டியபோது அந்த இடத்தில் லேசாகத் தலையைத் தூக்கினார்.

"இதெல்லாம் வேணுமா தம்பி?"

"சும்மா ஒரு பலத்துக்குண்ணே. எல்லாரும் எழுதறதுதான்."

கையெழுத்துப் போட்டார். கிளம்பும்போது, வழக்கமாக எல்லோரிடமும் சொல்வதை அவரிடமும் சொன்னேன்: "இனிமே எதிர்த்தரப்புகிட்ட பேச்சுவார்த்தை வச்சுக்காதீங்க. எதுவா இருந்தாலும் எங்க மூலமாத்தான்."

மனுவின் நகல் டீச்சர் கைக்குப் போனபோது ஐஸ்காரரின் மகள் அவர் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து வட்டத்துக்குத் தொடுகோடு வரைந்துகொண்டிருந்தாள். டீச்சரின் வக்கீல் ஆள் அனுப்பிக் கொடுத்திருந்தார். டீச்சர் நின்றபடியே முழுவதையும் படித்தார். மடித்து அலமாரியில் வைத்தார். மறுபடி வந்து உட்கார்ந்து, "காம்பஸ இவ்வளவு அழுத்தாதே, ஓட்டை விழுது" என்றார். பாடம் முடிந்து அவள் புத்தகத்தை எடுத்து வைத்தபோது சொன்னார்: "நாளைக்கும் வரணும் என்ன? வீட்டுல என்ன சொன்னாலும் வா. அந்த விவகாரம் வேற, இது வேற."

வீட்டுக்கு வந்து அவள் அதைச் சொன்னாள். ஐஸ்காரர் என் பேச்சைச் சொல்லிப் போகக் கூடாது என்றுவிட்டார்.

"பரீட்சை வருதுப்பா."

"வேற யாராவது சொல்லிக் குடுப்பாங்க."

"டீச்சர் மேல உங்களுக்கு என்ன கோபம்?"

"கோபமெல்லாம் ஒண்ணும் இல்ல. வக்கீல் ஆபீஸ்ல சொல்லிட்டாங்க."

அவள் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே போனாள். அதற்குப் பிறகு அந்த வீட்டில் தகப்பனும் மகளும் பேசுவது குறைந்துபோயிற்று என்று அவர் மனைவி பின்னால் ஒருமுறை என்னிடம் சொன்னார்.

விசாரணை நாளில் டீச்சரின் வக்கீல் எழுந்து, ராஜி தயாராக இருக்கிறது, இன்றைக்கே தாக்கல் செய்கிறோம், இந்த மனு தேவையே இல்லை என்றார். நீதிபதி எங்கள் மனுவைப் புரட்டினார். பாதை பொதுப்பாதை என்று ஒருவர் சொல்லும்போது அவரைக் கேட்காமல் எப்படி ராஜியைப் பதிவு செய்வது என்றார். மனுவை அனுமதித்தார். ஐஸ்காரர் இரண்டாம் பிரதிவாதி ஆனார். வராந்தாவில் எங்கள் வக்கீல் அவர் கையைக் குலுக்கினார். அச்சகக்காரர் நாலடி தள்ளி நின்று எங்கள் மனுவை எழுத்துக் கூட்டாத குறையாக நிதானமாகப் படித்துக்கொண்டிருந்தார். முகம் சிவந்து போயிற்று. டீச்சரிடம் வந்து, "ராஜியும் வேணாம் ஒண்ணும் வேணாம் டீச்சர். எவன் கொட்டகைய எவன் இடிக்கறான்னு பார்த்துடறேன்" என்று உரக்கச் சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனார்.

வழக்கு நீண்டது. இப்போது மூன்று வக்கீல்கள். ஒருவர் வந்தால் ஒருவர் வரமாட்டார். கோர்ட்டு அமீன் வந்து சந்தை அளந்தார். அளவு தப்பு என்று இரண்டு தரப்பு ஆட்சேபம் சொன்னதால் இன்னொருவர் வந்து அளந்தார். நீதிபதி மாறினார். ஐஸ்காரர் ஒவ்வொரு வாய்தாவுக்கும் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு வந்து கடைசிப் பெஞ்சில் உட்காருவார். பட்டறையில் ஃபிரிட்ஜுகள் தேங்கின. சந்து வழியாக வண்டி தள்ளும்போது இடது பக்கமும் பார்க்க மாட்டார், வலது பக்கமும் பார்க்க மாட்டார். டீச்சர் வீட்டுச் சமையலறை ஜன்னல் அந்தப் பக்கம்தான் திறக்கும். வண்டிச் சத்தம் கேட்டால் உள்ளே பாத்திரச் சத்தம் ஒரு நிமிடம் நின்றுவிடும் என்று அவரே என்னிடம் சொன்னார்.

டீச்சர் அந்த வீட்டை விற்கப் பார்த்துக்கொண்டிருந்தார் என்பது எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது. பஸ்ஸில் எட்டு மணி நேரம் போகிற ஒரு ஊரில் அவருடைய அக்கா இருந்தார். அந்த அம்மாவுக்குக் கண்பார்வை மங்கிக்கொண்டே வந்தது. அவரோடு போய் இருப்பதற்காகத்தான் டீச்சர் ராஜிக்கே இறங்கி வந்தார். வாங்க வந்தவர்கள் வழக்கு முடியவில்லை என்று கேட்டதும் திரும்பிப் போனார்கள். மூன்றாவது வருடம் அந்த அக்கா காலமானார். அன்றைக்கு நீதிமன்றத்தில் எங்கள் வழக்கு வந்தது. டீச்சரின் வக்கீல் எழுந்து, "வாதியின் வீட்டில் ஒரு துக்கம்" என்று வாய்தா கேட்டார். ஐஸ்காரர் என் பக்கம் குனிந்து, "யாரு, அக்காவா?" என்றார். நான் தலையாட்டினேன். அன்றைக்கு அவர் யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் போய்விட்டார்.

நான்காவது வருடம் டீச்சர் சாட்சிக் கூண்டில் ஏறினார். எங்கள் வக்கீல் குறுக்கு விசாரணை செய்தார்.

"நீங்களும் முதல் பிரதிவாதியும் சேர்ந்து சந்துக்குப் பூட்டுப் போடறதா இருந்தீங்க, சரிதானே?"

"ஆமா."

"அதாவது என் கட்சிக்காரரை வெளிய தள்ளிப் பூட்டறதுக்கு?"

டீச்சர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். வகுப்பில் ஒரு பிள்ளை தப்பாக விடை சொன்னால் பார்ப்பதுபோல எங்கள் வக்கீலைப் பார்த்தார். "இல்லையே. மூணு சாவின்னுதானே எழுதியிருந்தோம்" என்றார்.

எங்கள் வக்கீல் விழித்துக்கொண்டார். தாக்கல் ஆகாத ராஜியில் இருந்ததைச் சாட்சியமாக எடுக்க முடியாது, பதிவு செய்யக் கூடாது என்றார். நீதிபதியும் ஒத்துக்கொண்டார். எழுதியது அடிக்கப்பட்டது. ஆனால் கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர் காதில் விழுந்ததை யார் அடிக்க முடியும்?

வராந்தாவில் என் முழங்கையைப் பிடித்தார். "அது நெசமா தம்பி? பார்த்துச் சொல்லுங்க."

டீச்சரின் வக்கீலுடைய குமாஸ்தாவும் நானும் தினம் சேர்ந்து தேநீர் குடிக்கிறவர்கள். அவரிடம் கேட்டேன். கட்டுக்குள்ளிருந்து ராஜியின் நகலை எடுத்துக் காட்டினார். எட்டு நிபந்தனைகள். கொட்டகைக் கூரைத் தண்ணீரைக் குழாய் வைத்துத் தெருவுக்கு விடுவது ஒன்று. நான்காவது இது: "பின்வீட்டு ஃபிரிட்ஜ் மெக்கானிக்குக்கு மூன்றாவது சாவி தரப்படும். அவருடைய தள்ளுவண்டி தாராளமாகப் போய்வரும்படி கேட்டின் அகலம் ஐந்தரை அடிக்குக் குறையாமல் இருக்க வேண்டும்." வண்டியின் அகலத்தை யாரோ அளந்து பார்த்து எழுதியிருக்கிறார்கள்.

அதை அவரிடம் அப்படியே சொன்னேன். அவர் சுவரோரம் இருந்த தண்ணீர்க் குழாய்க்குப் போய் முகத்தைக் கழுவினார். வெகுநேரம் கழுவினார். பிறகு, "நான் இதுலேர்ந்து விலகிக்கறேன்னு எழுதுங்க" என்றார்.

வக்கீலிடம் கூட்டிப் போனேன். அவர் கோபப்படவில்லை. "நீங்க விலகலாம். ஆனா நீங்க எழுதிக் குடுத்தது விலகாதே. பொதுப்பாதையா இல்லையான்னு கோர்ட்டு ஒரு கேள்விய எடுத்துக்கிச்சு. அதுக்குப் பதில் சொல்லாம இனிமே முடிக்க மாட்டாங்க. பிரஸ்காரர் ராஜிக்கு வந்தா மட்டும்தான் வழி" என்றார்.

ஆக ஐஸ்காரர் அச்சகத்துக்குப் போனார். என்னையும் கூட வரச் சொன்னார். நான்தானே பேசக் கூடாது என்று சொன்னவன், அதனால் மறுக்க முடியவில்லை. அச்சகக்காரர் இயந்திரத்தை நிறுத்தாமலே பேசினார்.

"என்னை ஆக்கிரமிப்பாளன்னு எழுதினீங்க."

"அது நான் எழுதலண்ணே..."

"கீழ உங்க கையெழுத்து இருக்கே."

ஐஸ்காரர் என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை. நானும் 'நான்தான் எழுதினேன்' என்று வாய் திறக்கவில்லை. இயந்திரம் ஓடிக்கொண்டே இருந்தது.

"நான் அச்சுக்காரன்" என்றார் அவர். "ஒரு எழுத்து தப்பா விழுந்துட்டா அடிச்ச அத்தனையும் குப்பைன்னு தெரிஞ்சவன். இனிமே கோர்ட்டே சொல்லட்டும், நான் யாருன்னு."

அதே வாரம் ஒரு மதியம் ஐஸ்காரர் டீச்சர் வீட்டுக்குப் போனார். இந்தமுறை மணியை அழுத்தினார். நடந்ததை அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். டீச்சர் உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தார். சமையலறைச் சுவரில் பூசணம் தோள் உயரத்துக்கு ஏறியிருந்தது.

"ஏன் டீச்சர், அன்னிக்கே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

"சொல்லணும்னு தோணவே இல்ல, தம்பி. உங்க வழிய எப்படி அடைப்போம்? எங்க ரெண்டு பேருக்கும் அதுல சந்தேகமே வரல. கையெழுத்தானதும் சாவியக் கொண்டாந்து கையில குடுத்துடலாம்னு இருந்தேன்." பிறகு, "நீங்க ஏன் வந்து கேட்கல?" என்றார்.

"வந்தேன் டீச்சர். கதவு தொறந்திருந்தது. ரெண்டு பேரும் சிரிச்சுக்கிட்டு இருந்தீங்க."

டீச்சர் நினைத்துப் பார்த்தார். நினைவு வந்ததும் முகம் ஒரு மாதிரி ஆயிற்று. "அதுவா? அவர் மூக்குக் கண்ணாடியத் தலையில மாட்டிக்கிட்டு மேஜை பூராத் தேடிட்டு இருந்தார். குனிஞ்சு காலுக்கடியிலகூடத் தேடினார். அதுக்குச் சிரிச்சோம்."

அவரால் அதற்குமேல் உட்கார முடியவில்லை. எழுந்து வந்துவிட்டார். அன்றைக்கு வீட்டில் மனைவியிடமும் மகளிடமும் எல்லாவற்றையும் சொன்னார். மகள் அப்போது கல்லூரியில் சேர்ந்திருந்தாள். அவள் கத்தவில்லை. "நான் தினமும் அந்த வீட்டுலதானப்பா இருந்தேன். என்கிட்ட சொல்லியிருந்தா நானே கேட்டிருப்பேனே" என்றாள். அவ்வளவுதான். அந்த வார்த்தை அவரை உள்ளுக்குள் அரித்துக்கொண்டே இருந்தது. எங்கள் அலுவலகப் படியேறி வரும்போதெல்லாம் எனக்குச் சொல்வார், "என் பொண்ணு சொன்னது பார்த்தீங்களா தம்பி" என்று, முதல்முறை சொல்வதுபோல.

ஏழாவது வருடம் தீர்ப்பு வந்தது. சந்து இருவரில் யாருக்கும் தனிச்சொத்து இல்லை. மூன்று தரப்புக்கும் பொதுவான பாதை. அதில் கேட்டோ பூட்டோ போடக் கூடாது. கொட்டகை சந்துக்குள் ஒன்றரை அடி நீண்டிருப்பதால் அந்தப் பகுதியை அகற்ற வேண்டும். எங்கள் மனுவில் கேட்டது அத்தனையும் கிடைத்தது. கேட்டு வந்தவருக்கு வேண்டாததும் சேர்ந்து கிடைத்தது. வக்கீல் சந்தோஷமாக இருந்தார். ஐஸ்காரர் தீர்ப்பின் நகலை வாங்கி மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு, "அவர் கொட்டகைய இடிக்கச் சொல்லி நான் மனுப் போட மாட்டேன்" என்று மட்டும் சொன்னார். போடவும் இல்லை. அச்சகக்காரர் தானாகவே ஆள் வைத்து அந்த ஒன்றரை அடியை வெட்டி எடுத்தார். அன்று முழுவதும் நாற்காலி போட்டுச் சந்து முகப்பிலேயே உட்கார்ந்திருந்தார். வண்டியோடு வந்த ஐஸ்காரர் அவரைப் பார்த்ததும் திரும்பிப் பட்டறைக்குள் போய்விட்டார். ஒரு வருடம் போனதும் அச்சகம் மூடியது.

டீச்சர் வீட்டை விற்றுவிட்டு அக்கா இருந்த ஊருக்கே போனார். அக்கா இல்லாத ஊரில் ஏன் போய் இருக்க வேண்டும் என்று நாங்கள் பேசிக்கொண்டோம். ஒரு மாடிக் குடியிருப்பில் இரண்டு அறை என்று கேள்வி.

ஐஸ்காரர் பட்டறையைச் சந்திலிருந்து எடுத்துவிட்டார். மார்க்கெட் பக்கம் ஒரு சின்ன அறை பிடித்து அங்கே வேலை பார்த்தார். முழங்கால் வலி வந்துவிட்டது, வண்டி தள்ள முடியவில்லை என்று எல்லோரிடமும் சொன்னார். அந்தச் சந்தில் இப்போது யார் யாரோ வண்டி நிறுத்துகிறார்கள். பூட்டுப் போடக் கூடாது என்பது தீர்ப்பு.

போன வருடம் ஒருநாள் பழைய பத்திரத்தைத் திருப்பி வாங்கிக்கொள்ள அலுவலகத்துக்கு வந்தார். தலை முழுக்க வெளுத்திருந்தது. டீச்சரைப் பார்க்கப் போயிருந்ததாகச் சொன்னார். எட்டு மணி நேரமும் என்ன சொல்ல வேண்டும் என்று மனப்பாடம் செய்துகொண்டே போனாராம்.

"மூணு மாடி ஏறினேன் தம்பி. நல்லா உபசரிச்சாங்க. என் பொண்ணு எங்க வேலை பார்க்கறா, என்ன கணக்கெல்லாம் அங்க போடறாங்கன்னு ஒண்ணொண்ணாக் கேட்டாங்க. பேசிப் பேசிப் பொழுது போயிடுச்சு. பஸ் ஏறினதுக்கு அப்புறம்தான் தெரியுது, வந்த விஷயத்தைச் சொல்லவே இல்லைன்னு."

"திரும்பிப் போயிருக்கலாமே?"

"போயிருக்கலாம்" என்றார்.

பிறகு சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து என் முன்னால் வைத்தார். "நீங்க ஒரு லெட்டர் எழுதிக் குடுங்க தம்பி. உங்களுக்குத்தான் எழுத வருமே."

வெள்ளைத்தாளை எடுத்துத் தேதி போட்டேன். முப்பது வருடமாக எத்தனையோ பேருக்காக என்னென்னவோ எழுதியிருக்கிறேன். அன்றைக்குப் பேனா ஓடவில்லை. தாளை அவர் பக்கமே நகர்த்தினேன். "என்னை எழுத விடாதீங்கண்ணே. ஏற்கனவே ஒரு தடவை எழுதிட்டேன்" என்றேன். அந்தக் கொட்டகை வரி எங்கிருந்து வந்தது என்பதை அப்போதுதான் முதல்முறையாக அவரிடம் சொன்னேன்.

அவர் ஆத்திரப்படுவார் என்று நினைத்தேன். "தெரியும். வேற யாரோடதோ மாதிரிதான் இருந்துச்சு. நானும்தானே கையெழுத்துப் போட்டேன்" என்றார்.

அவரே எழுதி அனுப்பியிருக்கிறார். நாலைந்து மாதம் கழித்து டீச்சரிடமிருந்து பதில் வந்ததைக் கொண்டுவந்து காட்டினார். கோணல் இல்லாத வரிகள். கடிதம் கிடைத்தது என்று இருந்தது. முழங்காலுக்கு என்ன மருந்து சாப்பிடுகிறீர்கள் என்று இருந்தது. உங்கள் பெண் கணக்கை விடாமல் படித்தாளே, அது எனக்குப் போதும் என்று இருந்தது. வழக்கைப் பற்றி ஒரு வரி இல்லை.

"மன்னிச்சுட்டாங்கன்னு அர்த்தமா? இல்ல, அதைப் பத்திப் பேசவே இஷ்டமில்லையா?" என்று கேட்டார்.

இன்னொரு தடவை படித்துப் பார்த்தேன். எனக்கும் தெரியவில்லை என்று சொல்லிக் கடிதத்தைத் திருப்பிக் கொடுத்தேன். அவர் அதைக் கவனமாக மடித்து வைத்துக்கொண்டார். கைப்பிடியைப் பிடித்து ஒவ்வொரு படியாக, முழங்கால் நோகாமல் இறங்கிப் போனார்.